ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா பேசுவதே இல்லை, ராத்திரியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்கிறார். மனசு இதயத்தை இப்படியெல்லாம் செய்யுமா?

கைலித்தறி (குடியாத்தம்):

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. எங்களுடையது கைலி நெய்கிற குடும்பம். அப்பா குழித்தறியில் ஆரம்பித்து, அப்புறம் பவர்லூம் போட்டு, நாலு பேருக்கு வேலை கொடுத்தவர். வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தத்தை வைத்து "மூணாவது தறியில இழை அறுந்திருக்கு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும்.

ஆடி மாதம் நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டு போனோம். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் அடைப்பு என்று அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 52 சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நல்லபடியாக முடிந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டோம்.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். இப்போது தை பிறந்துவிட்டது, மனுஷர் பழைய ஆளாக இல்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். டீக்கடைக்குப் போவதில்லை. பேரன் வந்து மடியில் ஏறினால் இறக்கி விடுகிறார். தறி ஓடினால் "நிறுத்துங்கடா, தலை வலிக்குது" என்கிறார். அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த குடும்பம் நாங்கள்! விடியற்காலை மூன்று மணி வாக்கில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "அடிச்சிக்குது" என்கிறார். கொரோனா சமயத்தில் வாங்கிய விரலில் மாட்டும் மெஷினைப் போட்டுப் பார்த்தால் நாடி 88, 92 என்று காட்டுகிறது. காலையில் வேகமாக எழுந்தால் தலைசுற்றலும் இருக்கிறது.

பயந்து மறுபடி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான். டென்ஷன் ஆகாதீங்க" என்று முடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. நடிக்கிறேன் என்கிறார்களா என்று வீடு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளூரில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் இது மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அதை அலமாரியில் போட்டுவிட்டார் அப்பா. ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின், மெட்டோபுரோலால் 25, சுகருக்கு மெட்ஃபார்மின் ஓடுகிறது.

நான் கேட்க வருவது இதுதான். மனசு சரியில்லை என்றால் நிஜமாகவே நாடி ஏறுமா, இல்லை அவருக்கு அப்படித் தோன்றுகிறதா? மெஷினே 92 காட்டுகிறதே? இந்த மாத்திரை ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆகுமா? சாமி குத்தம் என்று அம்மா ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை வாக்கர் (வேலூர்):

தம்பி, கவலையே படாதீர்கள். எனக்கு பைபாஸ் ஆகி வருஷக்கணக்காகிறது. ஆபரேஷன் ஆனதும் நானும் இப்படித்தான் சுருண்டு கிடந்தேன். வீட்டுக்காரி திட்டித் திட்டிக் கோட்டைக்கு நடக்க அனுப்பினாள். அகழி ஓரமாக ஒரு சுற்று, அப்புறம் நாலு பேரோடு டீ, அரசியல் சண்டை. சரியாகிவிட்டது. உட்கார்ந்தால்தான் நெஞ்சு அடிக்கும், நடந்தால் அதுவாக அடங்கும். மனசுக்கெல்லாம் மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாது, அதற்குள் போகாதீர்கள். ஆள்தான் முக்கியம். அப்பாவைத் தனியாக விடாதீர்கள்.

ஹோல்டர் அக்கா (காட்பாடி):

தம்பி, நான் டாக்டர் இல்லை. இசிஜி, டிரெட்மில், ஹோல்டர் என்று இதய மெஷின்களோடு குப்பை கொட்டி ரிட்டையர் ஆன டெக்னீஷியன். மாத்திரையைக் கூட்டு, குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, மனசுதான்" என்கிற அந்த வாக்கியத்தோடு எனக்கு வேலையில் இருந்த காலத்திலிருந்தே சண்டை.

முதலில் இசிஜி. படுக்க வைத்து எடுக்கிற இசிஜி தாளில் ஏறுவது பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் புதிதாக அடைப்பு வந்த அடையாளம் இல்லை, தாளம் ஒழுங்காக இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். அது நல்ல செய்திதான். உங்கள் அப்பாவுக்குப் படபடப்பு வருவது விடியற்காலை மூன்றுக்கு. அந்த மூன்று மணியை இசிஜி அறையில் யார் பார்த்தார்கள்?

அதற்குத்தான் ஹோல்டர். மார்பில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முடி இருந்தால் அங்கங்கே மழித்து, ஒயர் ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவோம். ஒரு முழு நாளும் அடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் பதிவாகும். கூடவே ஒரு தாள் கொடுத்து, எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதி வரச் சொல்வோம். அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், வியர்வையில் ஒட்டினது நிற்காது, பாதி நாள் பதிவு வெறும் கோடாக வரும். அது கிடக்கட்டும்.

ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், அட்டாக் வந்து தேறினவர். தாளைத் திருப்பிக் கொடுத்தார். காலை எட்டு மணிக்கு "உட்கார்ந்திருந்தேன்". பத்து மணிக்கு "உட்கார்ந்திருந்தேன்". மதியம் "சாப்பாடு, கொஞ்சம்". மறுபடி "உட்கார்ந்திருந்தேன்". ராத்திரி "படுத்திருந்தேன்". தூங்கினேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு மணிவாரியாகப் பார்த்தேன். பகலில் 90ஐ ஒட்டி, ராத்திரி இரண்டு மணிக்கும் 86. உழைத்துக் களைத்த மனிதர் தூங்கும்போது 60க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இறங்க வேண்டிய நாடி, இவருக்கு இரவு பகல் தெரியாமல் ஒரே மட்டத்தில் ஓடியிருந்தது. தாளில் இருந்தது உட்கார்ந்திருந்த மனிதர், பதிவில் இருந்தது நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த இதயம். டாக்டர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதய மாத்திரையைத் தொடாமல் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். நல்ல டாக்டர்.

இது எப்படி என்றால், இதயத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து நரம்பு வருகிறது. பள்ளிப் பாடத்தில் பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு என்று படித்திருப்பீர்கள், இரண்டும் சேர்ந்ததுதான் தானியங்கி நரம்பு மண்டலம். பரிவு நரம்பு முடுக்கிவிடும். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற எதிர்ப்பரிவு நரம்பு அடக்கி வைக்கும். இரண்டு நரம்பும் இல்லாமல் இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடிக்கும். இதய மாற்று அறுவை செய்தவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 இருப்பது அதனால்தான், அறுவையில் வேகஸ் அறுபட்டிருக்கும். ஆக, சும்மா இருக்கும்போது நமக்கு 70 ஓடுகிறது என்றால், ஒவ்வொரு நொடியும் வேகஸ் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

மனச்சோர்வில் இந்தப் பிடி தளர்கிறது. பரிவு நரம்பின் பக்கம் கை ஓங்குகிறது. நார்அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற பதற்ற ஹார்மோன்கள் எல்லாம் கூடுகின்றன. பிபியைத் துடிப்புக்குத் துடிப்பு சரிக்கட்டும் அனிச்சைச் செயலும் மந்தமாகிறது. மூளையில் பயம், துக்கம், சலிப்பு இதையெல்லாம் கையாளும் இடங்களும் வேகஸுக்குக் கட்டளை கொடுக்கும் இடங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அப்புறம் மனசு தனி, நெஞ்சு தனி என்று எப்படிப் பிரிப்பது? உங்கள் அப்பா நடிக்கவில்லை, அவருக்குத் தோன்றவும் இல்லை. அந்த 92 நிஜமான 92. நாடியைக் குறைக்கும் மெட்டோபுரோலாலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே 92 என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவது. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் மெதுவாக. சின்னப் பையன்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும். வேகஸ் வேலை செய்வதன் அடையாளம் அது. 1987இல் அமெரிக்காவில் அட்டாக் வந்து பிழைத்த 808 பேரின் ஹோல்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைந்து போனவர்களுக்கு இறப்பு அபாயம், அது நன்றாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். 1993இல் மாண்ட்ரியல் நகரில் 222 பேரைப் பார்த்தார்கள். அட்டாக்குக்குப் பிறகு மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. பிறகு 2001இல், மனச்சோர்வு உள்ள அட்டாக் நோயாளிகளுக்கு அந்த ஏற்ற இறக்கமும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். கணக்கு ஓரளவு சேர்ந்தது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த 1993 ஆய்வு ஸ்டென்ட்டும் இப்போதைய மருந்துகளும் இந்த அளவுக்கு வராத காலம். அட்டாக் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாகச் சொல்கிறார்கள், உங்கள் அப்பா தனி ஆள் இல்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே இதய நோயாளிகளிடம் மனச்சோர்வைக் கேட்டுப் பாருங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. இங்கே இன்னும் டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்பதோடு நிற்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் மனச்சோர்வின் மேல் போட்டுவிடவும் கூடாது. சுகர் நாள்பட்டு இருந்தால் அதுவே வேகஸ் நரம்பைக் கெடுக்கும். அப்போதும் நாடி இறங்காது, எழுந்து நின்றால் தலை சுற்றும். தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடக்கும். ஆகவே மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பிபி எடுக்கச் சொல்லுங்கள். ஹோல்டர் வேண்டுமா என்று கேளுங்கள். விட்டு விட்டு வரும் தாளக் கோளாறு இருந்தால் அதில் மாட்டும்.

கோட்டை வாக்கர் அண்ணா சொன்னதில் நடை நூற்றுக்கு நூறு சரி. நடக்கிறவர்களுக்கு வேகஸ் பிடி திரும்ப வருகிறது. "மாத்திரைக்குள் போகாதீர்கள்" என்றதுதான் சரியில்லை அண்ணா. எழுந்து பல் தேய்க்கவே மனம் வராதவரை அகழி ஓரம் சுற்றச் சொன்னால் எப்படி?

மருந்துச்சீட்டு (ராணிப்பேட்டை):

ஹோல்டர் அக்கா விட்ட இடத்திலிருந்து மாத்திரைப் பக்கம் நான் எடுத்துக்கொள்கிறேன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், பார்மசி படித்தவன்.

இதய நோயாளிகளிடம் அதிகமாகச் சோதித்துப் பார்த்த மனச்சோர்வு மாத்திரைகளில் முதல் வரிசை செர்ட்ராலின். அட்டாக் வந்தவர்கள், நெஞ்சுவலி முற்றி அட்மிட் ஆனவர்கள் என 369 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு உண்டு. இதயத்தின் பம்பிங்கையோ தாளத்தையோ அது கெடுக்கவில்லை. உங்கள் டாக்டர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. ரத்தத் தட்டுகளுக்குள் செரோட்டோனின் சேமிப்பு இருக்கும், உறைவதற்கு அதுவும் உதவும். செர்ட்ராலின் அதைக் குறைக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ஏற்கெனவே வேறு வழியில் ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் வயிற்றில் கசிய வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால், ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியமாக, இடுப்பு வலி, முட்டி வலி என்று கடையில் வந்து "ஒரு டைக்ளோ கொடுங்க" என்று வாங்கிப் போடக் கூடாது. நெசவாளர் வீடுகளில் இது சர்வ சாதாரணம், நான் தினமும் பார்க்கிறேன்.

தூக்கத்துக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் அமிட்ரிப்டிலின் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய மனச்சோர்வு மாத்திரை, மலிவு, தூக்கமும் வரும். ஆனால் அது வேகஸின் வேலையைத் தடுத்து நாடியை ஏற்றும், இதய மின்கடத்தலையும் பாதிக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது முதல் தேர்வு இல்லை. இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்ஸெடின், குளோபிடோகிரெல் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடும், மெட்டோபுரோலாலையும் உடம்பில் தேக்கிவிடும். அதே வகையில் எஸ்சிட்டாலோபிராம் நல்ல மருந்துதான், வயதானவர்களுக்கு அளவையும் இசிஜியையும் பார்த்துக் கொடுப்பார்கள். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மெட்டோபுரோலால்தான் மனச்சோர்வைக் கொண்டுவந்தது என்று யாராவது சொல்லி அதை நிறுத்திவிடப் போகிறீர்கள். அந்தப் பேச்சு பழசு. பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அப்படி நிற்கவில்லை. அசதியும் தூக்கக் கோளாறும் வரலாம், அவ்வளவுதான். திடீரென்று நிறுத்தினால் நாடியும் பிபியும் எகிறி மறுபடி நெஞ்சுவலியே வரலாம்.

பட்டுச்சேலை (ஆரணி):

அண்ணா, எனக்கு இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் அப்பா சொல்கிற "அடிச்சிக்குது" எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா போன பிறகு எனக்கு ஆரம்பித்தது. அழுகை எல்லாம் இல்லை. காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க வேண்டும் என்பதே தோன்றாமல் ஆடை படியும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி தலையணையில் காதை வைத்தால் நெஞ்சுத் துடிப்பு காதுக்குள் கேட்கும். அதைக் கேட்டுப் பயந்து இன்னும் வேகமாகும். என் வீட்டுக்காரர் எத்தனை ராத்திரி பைக்கில் வைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டு போயிருப்பார் என்று கணக்கே இல்லை. போனதும் நார்மல் என்பார்கள். கடைசியில் ஒரு நர்ஸம்மாதான் உட்கார வைத்து, இரண்டு வாரமாக எதிலாவது ஆசை, பிடித்தம் இருந்ததா, மனசு கீழே கிடக்கிற மாதிரி இருந்ததா என்று கேட்டார். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே உடைந்துவிட்டேன்.

அப்புறம் பாகாயத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். பாகாயம் என்றாலே நம்ம பக்கம் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், தெரியும். எனக்கும் வண்டியில் போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. அங்கே குடும்பத்தில் ஒருவரைக் கூடவே வைத்துத்தான் வைத்தியம் பார்ப்பார்கள், 1950களிலிருந்தே அப்படித்தானாம். என் வீட்டுக்காரருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவே பாதி வைத்தியம்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடத்தான் செய்தது, குமட்டலும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அப்பா முதல் வாரமே நிறுத்திவிடுவார். எனக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினார்கள். வித்தியாசம் தெரிய மாதம் ஒன்று ஆனது. பிறகு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், விட முடியாது என்பதெல்லாம் இல்லை, வாக்கர் அண்ணா.

ஹோல்டர் அக்காவுக்கு ஒரு கேள்வி. என் வாட்சில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு எண் காட்டுகிறது. மாத்திரைதான் அதைக் குறைக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா?

கைலித்தறி:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அந்தத் தோல் தொழிற்சாலைக்காரர் வரும் இடத்தில் "அவரு இப்ப எப்படி இருக்காராம்?" என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி அது.

ஒரு விஷயம் தெரியவந்தது. மருந்துச்சீட்டு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலை மாத்திரைகள் தீர்ந்திருக்கின்றன, அம்மா கையில் கொடுப்பதால். ராத்திரி மாத்திரைகள் பாதிக்கு மேல் அட்டையிலேயே இருக்கின்றன. குளோபிடோகிரெலும் அதில்தான். கேட்டால் "போட்டு என்ன ஆகப் போகுது" என்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இன்னும் எத்தனை நாள் இப்படி ஓடுமோ? மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தால் இதயத்துக்கும் ஆயுள் கூடுமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஹோல்டர் அக்கா:

தம்பி, முதலில் அந்தக் குளோபிடோகிரெல். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாதவர் அதை விட்டு விட்டுப் போட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். நாளைக்குக் காலை இதய டாக்டருக்குப் போன் போடுங்கள், விட்டுப்போன விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா மாத்திரையையும் அம்மா கையால் கொடுக்கும் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மனச்சோர்வு இதயத்தைத் தாக்கும் வழிகளில் நரம்பு ஒன்று என்றால், இது இன்னொன்று. மாத்திரை விட்டுப்போகும், நடை நின்றுபோகும், பீடி திரும்ப வரும்.

"போட்டு என்ன ஆகப் போகுது" என்று சொன்னாரே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா அப்பா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். ஆமாம் என்றால் அன்றைக்கே மனநல டாக்டர், தனியாக விடக் கூடாது, மாத்திரை டப்பா உங்கள் கையில். ராத்திரி நேரமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் டெலி மனஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள். பாகாயம் போக மனம் வராவிட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆயுள் கூடுமா என்று கேட்டீர்கள். 2003இல் அமெரிக்காவில் அட்டாக் வந்த 2481 பேரிடம் பெரிய ஆய்வு முடிந்தது. பேச்சு வழி சிகிச்சை கொடுத்தார்கள், மனச்சோர்வு குறைந்தது, ஆனால் இறப்போ அடுத்த அட்டாக்கோ குறையவில்லை. 2018இல் கொரியாவிலிருந்து ஒன்று வந்தது. 300 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டாலோபிராம் 24 வாரம் கொடுத்து, எட்டு வருஷம் போலத் தொடர்ந்து பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 40.9 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம் பேருக்கும் பெரிய இதயப் பிரச்சினை வந்தது. ஒன்று இல்லை என்கிறது, ஒன்று ஆமாம் என்கிறது. ஆகவே ஆயுள் கூடும் என்று கையடித்துச் சத்தியம் செய்ய முடியாது. மனச்சோர்வு குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறைந்தால் ராத்திரி மாத்திரை உள்ளே போகும், பேரன் மடியில் உட்காருவான். வைத்தியம் பார்க்க எனக்கு அதுவே போதுமான காரணம்.

ஆரணிப் பெண்ணுக்கு: நீங்கள் பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. 2008இல் நெதர்லாந்தில் 2373 பேரைப் பார்த்த ஆய்வில், ஏற்ற இறக்கம் குறைந்ததற்குப் பெரும்பாலும் மாத்திரைதான் காரணம் என்றார்கள். 2010இல் இதய நோய் இல்லாத மனச்சோர்வு நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அது குறைவுதான், அமிட்ரிப்டிலின் வகை அதை இன்னும் குறைக்கிறது, செர்ட்ராலின் வகையில் பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ச் எண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், வயது, தூக்கம், காய்ச்சல் எல்லாம் அதை மாற்றும். ராத்திரி எழுந்து அதைப் பார்த்துப் பயப்படுவதாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

தம்பி, மனசு என்று முத்திரை குத்திவிட்டார்கள் என்பதற்காக நிஜ வலியைக் கோட்டை விடாதீர்கள். நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால் 108தான், யோசனையே வேண்டாம். சுகர் உள்ளவருக்கு வலி அவ்வளவாகத் தெரியாமல் மூச்சு வாங்கல் மட்டும்கூட வரலாம்.

நடையை டாக்டர் அனுமதித்த அளவில், வெயில் ஏறுவதற்கு முன்னால், யாராவது கூடப் போகும்படி வையுங்கள். முதலில் தெருமுனை வரை போதும். ஹோல்டர் எழுதினால், போகிற அன்றைக்கு மார்பில் எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் குளித்துவிட்டு, பட்டன் வைத்த சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். பனியன் மாதிரித் தலை வழியாகப் போடுவது வேண்டாம், ஒயர் பிய்ந்துவிடும். கட்டிவிட்ட பிறகு குளிக்கக் கூடாது. தாளில் எழுத அப்பாவுக்கு மனம் வராவிட்டால் அம்மாவை எழுதச் சொல்லுங்கள், மூன்று மணிக்கு எழுந்தால் மணி பார்த்து அதையும்.